ஓரறையில் பலர் இருக்கும்போது சளி, இருமல், காய்ச்சல் பரவாமல் தடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் தமிழில் சுகாதாரப் பேச்சு நடக்கும் இடங்களில் தொண்டூழியராக உதவுகிறேன். வெளிநாட்டு ஊழியர் விடுதியோ, சமூக மன்றமோ, கோயில் மண்டபமோ, பேச்சு முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில்தான் உண்மையான சந்தேகங்கள் வெளியே வரும். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, இறங்காத காய்ச்சல் இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

சளி, ஃபுளூ, கொவிட் எல்லாம் ஒன்றுதானே? பெயர் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?

கிருமிகள் வேறு வேறு. சாதாரணச் சளியைக் கொண்டுவர ரைனோவைரஸ் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட கிருமிகள் இருக்கின்றன. சளிக்காய்ச்சலுக்கு, அதாவது ஃபுளூவுக்கு, இன்ஃபுளுவென்சா, கொவிட்டுக்கு ஒரு கொரோனா கிருமி. கைக்குழந்தைகளையும் முதியவர்களையும் படுத்தி எடுக்கும் ஆர்எஸ்வி இன்னொன்று. மருந்துக்கும் தடுப்பூசிக்கும் பெயர் முக்கியம். பரவாமல் தடுப்பதற்கு அவ்வளவு முக்கியமில்லை. எல்லாமே மூச்சு வழியாகவும் கை வழியாகவும்தான் வருகின்றன.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். சளிக்காய்ச்சல் கிருமி உடம்பில் புகுந்து 1 முதல் 4 நாளில் காய்ச்சல் தெரியும். ஆனால் தெரிவதற்கு முந்தின நாளே அது அடுத்தவருக்குப் பரவத் தொடங்கிவிடும். கொவிட்டும் அப்படித்தான். அதனால் இருமுகிறவரை மட்டும் ஒதுக்கிவைத்தால் போதும் என்பது பாதிக் கணக்கு. யாருக்கும் ஒன்றும் இல்லாத நாளிலும் அறைக்குள் நல்ல காற்று வர வேண்டும்.

ஒரு மீட்டர் தள்ளி நின்னா போதும்னு கொவிட் நேரத்துல சொன்னாங்களே, அது இப்பவும் சரியா?

வெட்டவெளியில் ஓரளவு சரி. மூடிய அறைக்குள் போதாது. இருமும்போது வரும் பெரிய எச்சில் துளிகள் ஒன்றிரண்டு மீட்டருக்குள் கீழே விழுந்துவிடும். பேசும்போதும் மூச்சு விடும்போதும் வரும் மிக நுண்ணிய துகள்கள் விழாமல் காற்றிலேயே மிதக்கும். பூசையறையில் காட்டிய சாம்பிராணி கூடம் தாண்டிப் படுக்கையறையிலும் மணக்கிறதே, அதுபோல அறை முழுக்கப் போகும். தட்டம்மைக் கிருமி, நோயாளி வெளியே போன பிறகும் 2 மணி நேரம் வரை காற்றில் இருக்கக்கூடும்.

பக்கத்தில் இருப்பவருக்கு ஆபத்து அதிகம் என்பது மாறவில்லை. தூரத்தில் இருப்பவருக்கு ஆபத்தே இல்லை என்று நினைத்ததுதான் தவறு. உலகச் சுகாதார நிறுவனமும் 2024-இல், பெரிய துளி, சிறிய துளி என்று கோடு போட்டுப் பிரிப்பதை விட்டுவிட்டு, காற்றின் வழியே பரவுவது என்று பொதுவாகப் பேசத் தொடங்கியது.

ஏர்கான் ஓடிக்கிட்டேதான் இருக்கு. அப்புறம் எதுக்கு ஜன்னலைத் திறக்கணும்?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளிலும் பல விடுதி அறைகளிலும் சிறு கடைகளிலும் இருப்பது சுவரில் மாட்டும் ஏர்கான். அது அறையில் இருக்கும் காற்றையே உறிஞ்சி, குளிரவைத்து, திரும்ப அறைக்குள்ளேயே விடுகிறது. வெளியிலிருந்து ஒரு மூச்சுக் காற்றுகூட உள்ளே வருவதில்லை. அதிலுள்ள வலை தூசியைப் பிடிக்கும், கிருமியைப் பிடிக்காது. பெரிய அலுவலகங்களிலும் கடைத்தொகுதிகளிலும் உள்ள மத்திய ஏர்கான் வேறு. அதில் வெளிக்காற்றைக் கலக்கும் ஏற்பாடு இருக்கும்.

2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகரில் ஓர் உணவகத்தில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். அடுத்தடுத்த மூன்று மேசைகளில் உட்கார்ந்து சாப்பிட்ட மூன்று குடும்பங்களில் 10 பேருக்குக் கொவிட். மேசைகளுக்கு இடையே இடைவெளி இருந்தது. ஆனால் ஒரே ஏர்கான் காற்று அந்த மூன்று மேசைகளையும் சுற்றிச் சுற்றி வந்தது, வெளிக்காற்று கிட்டத்தட்ட வரவே இல்லை.

அதற்காக ஏர்கானை அணைத்துவிட்டு வியர்வையில் கிடங்கள் என்று சொல்லவில்லை. ஒரு ஜன்னலை நாலு விரல் அகலம் திறந்து, கழிவறையில் காற்றை வெளியேற்றும் விசிறி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். அதுவும் முடியாதென்றால், மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் கதவையும் ஜன்னலையும் எதிரெதிராகத் திறந்துவையுங்கள். மின்கட்டணம் கொஞ்சம் ஏறும். இரண்டு பேருக்கு மருந்தகச் செலவு என்று வைத்துப் பாருங்கள்.

ஃபேன் போட்டா கிருமி எல்லார் மேலயும் அடிக்காதா?

திசையைப் பொறுத்தது. இருமுகிறவர் முதுகுக்குப் பின்னால் விசிறி சுழன்றால் அவருடைய மூச்சு நேராக எதிரில் இருப்பவருக்குப் போகும். அதே விசிறியை ஜன்னல் பக்கம் வெளியே பார்த்துத் திருப்பி வைத்தால் அறைக்காற்றை வெளியே தள்ளும். மூடிய அறையில் மேல்விசிறி மட்டும் ஓடினால் காற்று புதிதாவதில்லை, கலக்கிறது, அவ்வளவுதான்.

காற்று நல்லா இருக்கா இல்லையான்னு கண்ணுக்கா தெரியுது?

தெரியாது. ஆனால் கரியமில வாயு அளவுமானி என்று கையடக்கக் கருவி விற்கிறது. நாம் விடும் மூச்சில் கரியமில வாயு இருப்பதால், அறைக்குள் அது ஏறினால் ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுக்கிறோம் என்று அர்த்தம். வெளிக்காற்றில் சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 420 பங்கு, இருக்கும். அறைக்குள் 800-க்குக் கீழே இருந்தால் நல்லது. 1,100-ஐத் தாண்டினால் ஜன்னல் பக்கம் போகும் நேரம் வந்துவிட்டது. துணைப்பாட வகுப்பு நடத்துகிறவர்கள் ஒன்று வாங்கி வைக்கலாம். பிள்ளைகள் தூங்கி வழிவதற்குக் காரணம் எப்போதும் கணக்குப் பாடம் இல்லை என்பதும் தெரியவரும்.

ஏர் பியூரிஃபையர் வாங்கினா ஜன்னலைத் திறக்க வேண்டாம்தானே?

ஹெப்பா வடிகட்டி உள்ளதை வாங்கினால் நிச்சயம் உதவும். 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 விழுக்காட்டை அது பிடித்துவிடும். ஆனால் அறைக்குப் பொருத்தமான அளவு வேண்டும். பெட்டியில் சிஏடிஆர் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றைத் தருகிறது என்பது அது. 12 சதுர மீட்டர் அறை, 2.6 மீட்டர் உயரம் என்றால் சுமார் 31 கன மீட்டர் காற்று. மணிக்கு ஐந்து முறை சுத்தமாக வேண்டுமென்றால் 155-க்கு மேல் சிஏடிஆர் வேண்டும். ஏழு பேர் உட்காரும் கூடத்தில் மேசைமேல் வைக்கும் குட்டிப் பெட்டியால் பயனில்லை. ஓசோன் விடுகிறது, அயனி விடுகிறது என்று விளம்பரம் செய்பவற்றின் பக்கமே போகாதீர்கள். ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும்.

பியூரிஃபையர் கரியமில வாயுவைக் குறைக்காது. அதனால் அது ஓடும் அறையில் மேலே சொன்ன மானி அதிகம் காட்டினாலும் கிருமி அதே அளவு இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஜன்னலும் பியூரிஃபையரும் ஒன்றுக்கொன்று துணை.

நாங்க விடுதியில அடுக்குக் கட்டில்ல படுக்கிறோம். எங்களால என்னதான் பண்ண முடியும்?

நியாயமான கேள்வி. 2020-இல் சிங்கப்பூரில் கொவிட் மிக வேகமாகப் பரவியது விடுதிகளில்தான். அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான கணக்குப்படி விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்திருந்தது. அவர்கள் கவனமில்லாமல் இருந்ததால் அல்ல, அறை அப்படி. 2021 செப்டம்பரில் அறிவித்த புதிய விதிகளின்படி, புதிதாகக் கட்டும் விடுதிகளில் ஓரறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர் இடம், கட்டில்களுக்கு இடையே ஒரு மீட்டர் வேண்டும். பழைய விடுதிகள் ஆளுக்கு 3.6 சதுர மீட்டர் என்ற இடைக்கால அளவுக்கு 2030-க்குள் வர வேண்டும். இதைச் சொல்லக் காரணம், நெரிசலைக் குறைப்பது உங்கள் தனிப்பட்ட பொறுப்பு இல்லை என்பதுதான்.

உங்கள் கையில் இருப்பதும் கொஞ்சம் உண்டு. பக்கத்துக் கட்டில்காரர் தலை வைக்கும் பக்கம் நீங்கள் கால் நீட்டிப் படுங்கள். முகத்துக்கு முகம் தூரம் கூடிவிடும். காய்ச்சல்காரரை ஜன்னலோரக் கீழ்க்கட்டிலுக்கு மாற்றுங்கள், காற்று அவரைத் தாண்டி வெளியே போகும்படி விசிறியை வையுங்கள். சமையலறைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் போகாதீர்கள். துண்டு, குவளை, பீடி பகிர வேண்டாம். விடுதியில் நோயாளிகளுக்குத் தனியறை இருந்தால் அங்கே போவதற்கு வெட்கப்பட எதுவும் இல்லை.

மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். விடுதியில் தங்கும் ஊழியர்களுக்கான அடிப்படை மருத்துவத் திட்டம் 2022 ஏப்ரலில் தொடங்கியது. பணம் கட்டுவது முதலாளி. அதன்படி மருத்துவ நிலையத்துக்குப் போனால் உங்கள் பங்கு 5 வெள்ளி, கைப்பேசி வழியாக மருத்துவரிடம் பேசினால் 2 வெள்ளி.

எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) போட்டா சூப்பர்வைசர் முகம் சுளிக்கிறாரு. மாத்திரை போட்டுட்டு வேலைக்குப் போனா காய்ச்சல் இறங்கிடுதே?

காய்ச்சல்தான் இறங்குகிறது, கிருமி இறங்குவதில்லை. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு லாரியில் ஏறினால் உடன் வரும் அத்தனை பேருக்கும் கொடுப்பீர்கள். அடுத்த வாரம் ஆளில்லாமல் தவிக்கப்போவது அதே சூப்பர்வைசர்தான்.

சட்டம் இப்படி: வேலை நியமனச் சட்டத்தின் கீழ் வரும் ஊழியர், மூன்று மாதம் வேலை செய்திருந்தால் சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்புக்கு உரிமை உண்டு. ஆறு மாதம் ஆனவருக்கு ஆண்டுக்கு 14 நாள்; மருத்துவமனையில் இருக்க நேர்ந்தால் அதையும் சேர்த்து 60 நாள். வேலை அனுமதிச் சீட்டு வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். விடுப்பில் இருக்கிறீர்கள் என்பதை 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். ஓவர்டைம் காசு போகும் என்பது உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஒரு நிறுவனம் சுவரெல்லாம் சுகாதாரச் சுவரொட்டி ஒட்டிவிட்டு எம்.சி. எடுத்தவரை முறைத்தால், அந்தச் சுவரொட்டிக்கு ஆன செலவு வீண் என்பது என் கருத்து.

எங்க வீட்டுப் பணிப்பெண்ணுக்குக் காய்ச்சல். அவங்களுக்குத் தனியா ரூம் இல்லையே, என்ன செய்ய?

முதலில், இல்லப் பணிப்பெண்கள் மேலே சொன்ன சட்டத்தின் கீழ் வருவதில்லை. ஆனால் அவர்களுடைய மருத்துவச் செலவு முதலாளியான உங்கள் பொறுப்பு. மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்னால் ஓய்வுதான். "லேசா சமையல் மட்டும்" என்பதெல்லாம் ஓய்வில் சேராது, அது உங்கள் வீட்டுக்கே ஆபத்து.

பல வீடுகளில் அவர்கள் தூங்குவது, அவசரகாலப் பாதுகாப்புக்கென்று வீட்டுக்குள் கட்டிய, இரும்புக்கதவு போட்ட காப்பறையில். அதற்கு ஜன்னல் கிடையாது. காய்ச்சல்காரரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவது அவருக்கும் நல்லதில்லை. முடிந்தால் ஜன்னல் உள்ள அறையை அவருக்குக் கொடுத்துவிட்டு பிள்ளைகளைக் கூடத்தில் படுக்க வையுங்கள். முடியாவிட்டால் காப்பறைக் கதவைத் திறந்துவைத்து, வாசலில் ஹெப்பா பியூரிஃபையரை ஓடவிட்டு, சேவை முற்றத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

மாஸ்க் கட்டாயமே இல்லையே இப்போ? போட்டா எல்லாரும் ஒரு மாதிரி பாக்குறாங்க.

பொதுப் போக்குவரத்தில் முகக்கவசக் கட்டாயம் 2023 பிப்ரவரி 13-இல் நீங்கியது. கட்டாயம் இல்லை என்றால் பயன் இல்லை என்று ஆகாது. உங்களுக்கு இருமல் இருக்கும்போது, மருந்தகத்தில் காத்திருக்கும்போது, வயதானவர்களைப் பார்க்கப் போகும்போது போடுங்கள்.

எது நல்லது என்றால், முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்துவது. என்95 பொருத்தமாக இருந்தால் போடுபவரையே நன்றாகக் காக்கும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று கசியும். சாதாரண அறுவைசிகிச்சை முகக்கவசம் முக்கியமாக உங்கள் துளி வெளியே போகாமல் தடுக்கும். துணிக் கவசம் கடைசித் தேர்வு.

எம்ஆர்டி ரயில்ல ஆபீஸ் நேரத்துல என்ன பண்றது?

வண்டிக்குள் காற்றோட்டம் இருக்கிறது, கதவும் அடிக்கடி திறக்கிறது. முகக்கவசம் போட்டு, பேச்சைக் குறைத்துக்கொண்டால் போதும். ஜன்னல் திறக்காத தனியார் பேருந்தில் ஒரு மணி நேரம் போவதைத்தான் நான் அதிகம் கவனிப்பேன்.

கோயில் பஜனை, கல்யாணம், தீபாவளி விருந்து எல்லாத்தையும் விட்டுட முடியுமா?

விட வேண்டாம். ஆனால் பாடும்போதும் உரக்கப் பேசும்போதும் வாயிலிருந்து வரும் துகள் பல மடங்கு கூடும். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாட்டுக் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர் 61 பேர். சோதனையில் உறுதியானவர்களும் அநேகமாகக் கொவிட்தான் என்று கருதப்பட்டவர்களும் சேர்த்து 53 பேர். இருவர் இறந்தார்கள். பஜனைக்கும் அதே நியாயம்தான்.

தைப்பூச ஊர்வலம் வெளியில் நடப்பதால் எனக்கு அவ்வளவு கவலை இல்லை. ஏர்கான் மண்டபத்தில் முந்நூறு பேர், கதவெல்லாம் சாத்தியிருக்க, ஒலிபெருக்கியைத் தாண்டிக் கத்திப் பேசுவதுதான் கவலை. ஒலியைக் குறையுங்கள், கத்த வேண்டியிருக்காது. பாட்டி தாத்தாவைத் திறந்த கதவோரம் உட்கார வையுங்கள். தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரே நேரத்தில் குவியாமல் இரண்டு வேளையாக வரச் சொல்லலாம். உடம்பு சரியில்லாத மாமாவுக்கு முறுக்கைக் கொடுத்தனுப்புங்கள். வரவில்லை என்று கோபித்துக்கொள்ள வேண்டாம்.

காற்றுதான் முக்கியம்னா கை கழுவறது வீணா?

வீண் இல்லை, முக்கியமாக நமக்கு. கையால் சாப்பிடுகிறோம், அதே கையால் கண்ணைத் தேய்க்கிறோம், மூக்கைத் துடைக்கிறோம். சோப்புப் போட்டு 20 வினாடி கழுவுங்கள். சோப்பு இல்லாத இடத்தில் 60 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள திரவம். ஆனால் மேசையைத் திரும்பத் திரும்பத் துடைத்துவிட்டு ஜன்னலை மூடியே வைத்திருப்பது முன்பின்னான வேலை.

சாம்பிராணி, வேப்பிலைப் புகை போட்டா கிருமி செத்துடும்னு அம்மா சொல்றாங்க. ஆவி பிடிக்கிறது?

அம்மாவிடம் சண்டை போடாதீர்கள். சாம்பிராணி பூசைக்கு இருக்கட்டும். மூடிய அறையில் எந்தப் புகையும் நுண்துகளைக் கூட்டி, இருமல்காரருக்கும் ஆஸ்துமாக்காரருக்கும் சிரமம்தான் தரும். ஆவி பிடித்தால் மூக்கடைப்புக்கு இதமாக இருக்கும், கிருமி சாகாது. கொதிநீர்ப் பாத்திரத்தைக் குழந்தை பக்கத்தில் வைக்க வேண்டாம்; சூடு கொட்டி வெந்துபோவது நடக்கிறது. மிளகு ரசம் தாராளமாகக் குடிக்கலாம். மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கை எடுத்துப் போடுவதுதான் இவை எல்லாவற்றையும்விட மோசமான கைவைத்தியம். சளிக்கும் சளிக்காய்ச்சலுக்கும் அது வேலை செய்யாது.

ஜன்னலைத் திறங்கன்னு சொல்றீங்க. புகைமூட்டம் வந்தா மூடுங்கன்னு சொல்றாங்க. எதைக் கேக்கறது?

இரண்டையும், நேரத்தைப் பார்த்து. காற்று மாசைக் காட்டும் பிஎஸ்ஐ குறியீடு 100-ஐத் தாண்டினால் உடல்நலத்துக்குக் கேடான அளவு. அப்போது மூடிவிட்டு ஹெப்பா பியூரிஃபையரை ஓடவிடுங்கள். அது புகைத்துகளையும் கிருமியையும் சேர்த்தே பிடிக்கும். புகைமூட்டம் நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது. மணிக்கொரு முறை வரும் பிஎம்2.5 (நுண்துகள்) அளவைப் பார்த்து, இறங்கும் நேரத்தில் திறந்துவிடுங்கள். வீட்டில் நோயாளி இருந்து ஜன்னலும் மூடியிருந்தால் என்95-ஐ அந்த நாளுக்குத்தான் வைத்திருக்கிறோம்.

ஃபுளூ ஊசி போட்டும் எனக்கு வந்துச்சு. அப்புறம் எதுக்கு?

தடுப்பூசி நோய் வரவே விடாது என்று யாரும் சொல்லவில்லை. மருத்துவமனைக்குப் போகும் அளவுக்கு முற்றும் வாய்ப்பைக் குறைக்கும். ஊசி போட்டுப் பாதுகாப்பு வரவே சுமார் இரண்டு வாரம் ஆகும், அதற்குள் தொற்றினால் ஊசியைக் குறை சொல்ல முடியாது. கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டும். குளிர்நாடுகளைப் போல இங்கே ஒரே பருவம் இல்லை. ஆண்டு முழுதும் இருக்கும், ஆண்டு இறுதியை ஒட்டியும் நடுவிலும் கூடும்.

65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், கர்ப்பிணிகள், நீரிழிவு, ஆஸ்துமா போன்ற நாட்பட்ட நோயுள்ளவர்கள், ஆறு மாதம் முடிந்த, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் முக்கியமாகப் போட வேண்டும். ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளும் அரசாங்கத் திட்டமான ஹெல்த்தியர் எஸ்ஜி-யில் சேர்ந்த குடிமக்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட தடுப்பூசிகள் இலவசம்.

எங்க ரூம் அண்ணனுக்கு மூணு வாரமா இருமல். காசநோய்னு சொன்னா வேலை போயிடும்னு பயப்படுறாரு.

பயம் புரிகிறது. ஆனால் மூன்று வாரம் தாண்டிய இருமல், எடை குறைவது, இரவில் வியர்ப்பது, சளியில் ரத்தம் இவற்றில் எது இருந்தாலும் இந்த வாரமே காட்ட வேண்டும். காசநோய் தட்டு, குவளை, கைகுலுக்கலில் பரவாது. பல நாள் ஒரே காற்றைப் பகிர்வதில் பரவும். ஒரே அறையில் தூங்குவது அதற்கு வசதி. 2016-இல் அங் மோ கியோவில் புளோக் 203-இல் ஆறு பேருக்குக் காசநோய் கண்டறியப்பட்டபோது, சுகாதார அமைச்சு அந்த புளோக்வாசிகளுக்கு இலவசப் பரிசோதனை நடத்தியது.

சாதாரணக் காசநோய் ஆறு மாத மருந்தில் குணமாகும். மருந்து தொடங்கி சுமார் இரண்டு வாரத்தில் பெரும்பாலோரிடமிருந்து பரவுவது நின்றுவிடும். மறைத்தால் நோயும் முற்றும், அறையில் உள்ளவர்களுக்கும் போகும். அண்ணனைத் தனியாக அனுப்பாதீர்கள், நீங்களும் கூடப் போங்கள்.

காய்ச்சல் விட்டாச்சு. எப்போ மத்தவங்களோட சேந்து உக்காரலாம்?

மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை, மற்றத் தொல்லைகளும் குறைந்து வருகின்றன என்றால் வெளியே வரலாம். அப்புறம் ஒரு ஐந்து நாள் முகக்கவசம் போட்டு, கைக்குழந்தையையும் முதியவர்களையும் தள்ளியே பாருங்கள். தொண்டை வறண்டு வரும் இருமல் இன்னும் சில வாரம் இழுக்கும். அது மட்டும் இருந்தால் பரவுகிறது என்று அர்த்தமில்லை. காசநோய்க்கு இந்தக் கணக்கு செல்லாது.

எல்லாம் சரி. ஜன்னலோரப் படுக்கைக்காரர் திறக்கவே விடமாட்டேங்கறாரு. கொசு வருது, டெங்கி வரும்ங்கறாரு.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில், குறிப்பாகக் காலையிலும் அந்தி நேரத்திலும் கடிக்கும். அதனால் ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துவிடுங்கள். கடையில் ஒட்டும் வலை மலிவாகவே கிடைக்கிறது. வலை மாட்டும்வரை இரவு பத்து மணிக்கு மேல் திறக்கலாம். வாளியிலும் பூச்சட்டித் தட்டிலும் தண்ணீர் தேங்கவிடாமல் பார்ப்பது தனி வேலை.

பெரும்பாலும் உண்மையான காரணம் கொசு இல்லை, மழைச்சாரலும் வெளிச்சமும் சத்தமும். நல்ல காற்று கேட்கிறவர் ஜன்னலோரப் படுக்கைக்கு மாறிக்கொண்டால் பாதிச் சண்டை தீரும். மிச்சத்துக்கு நேரம் பேசி வையுங்கள்: காலையில் எல்லோரும் எழுந்ததும், வேலை முடிந்து வந்ததும், படுப்பதற்கு முன்பும் பதினைந்து நிமிடம். யாராவது இருமத் தொடங்கினால் அன்று இரவு முழுக்கத் திறந்திருக்கும். இதை அறைத்தலைவர் கையால் எழுதி, ஏர்கான் ரிமோட் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிடச் சொல்லுங்கள்.